பன்னிரண்டே கால் அங்குலம்

சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. நாலு கேட்டலாக் விரிந்து கிடந்தது.

சுந்தரராமன் ஒரு படத்தைப் பென்சிலால் வட்டமிட்டார். அழித்தார். பக்கத்துப் படத்தை வட்டமிட்டார்.

துப்பாக்கிக் குழல் போன வருஷமே வந்துவிட்டது. இலேசானதாக வேண்டும், தோள் வலிக்கக் கூடாது என்று ஹூஸ்டன் முழுக்கக் கடை கடையாக விசாரித்து வாங்கியது. விசை ஏப்ரலில் வந்தது. குறிபார்க்கும் வளையம் போன வாரம். எல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றி கராஜ் அலமாரியில் இருந்தன.

பாக்கி, தோளில் சாய்க்கும் மரக்கட்டை ஒன்றுதான்.

தனித்தனியாகக் கிடக்கும்வரை அது வெறும் இரும்பு. பூட்டி முடித்துவிட்டால்?

நாகலக்ஷ்மி அடுப்படியிலிருந்து அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுரை கட்டியதும் இறக்க வேண்டிய ரசம் தளதளவென்று கொதித்துவிட்டது.

தூக்க மாத்திரைப் புட்டியை அவள் அரிசி டின்னுக்குள் ஒளித்து இரண்டு வருஷமாகிறது. அவர் குளியலறையில் பத்து நிமிஷம் கூட இருந்தால் கதவைத் தட்டி, சோப்பு இருக்கா என்று கேட்பாள்.

"நேத்திக்கும் இருந்தது, இன்னிக்கும் இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

"அட்டையில போட்ட வட்டத்தைச் சுடறதுக்குடி இது. கொசு கூடச் சாகாது" என்று அவரும் பலமுறை சொல்லிவிட்டார்.

அவள் பயந்தது கொசுவுக்கா?

தபால் வேன் பதினொரு மணிக்கு வரும்; வாசல் பெட்டியில் போட்டு வைத்தால் எடுத்துக்கொண்டு போய்விடும். அவர் ஆர்டர் படிவத்தை எடுத்தார். முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரைக்கும் உள்ள நீளம் என்று ஒரு கட்டம்.

அவர் தன் கையை அளக்கவில்லை. யோசிக்கவும் இல்லை.

பன்னிரண்டே கால் என்று எழுதினார்.

தெருமுனையில் வேன் சத்தம் கேட்டது.

நாகலக்ஷ்மி ஈரக்கையோடு வந்து படிவத்தின் மேல் விரலை வைத்தாள்.

அந்த அளவு எடுத்தது எண்பத்து நாலு மார்ச்சில், இதே மேசையில், அவளுடைய தையல் டேப்பால். பள்ளி ரைஃபிள் டீமில் சேர்ந்திருந்த ஸ்வர்ணா கையை நீட்டிக்கொண்டு, கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரித்தாள். அப்பாவும் அவளும் சேர்ந்து பூட்டுவதாகப் பேச்சு. அடுத்த மாதம் டீம் போன வேன் ஃப்ரீவேயில் கவிழ்ந்தது. ஸ்வர்ணா வீடு திரும்பவில்லை.

"ஏன்னா, இது பதினாலு வயசு அளவு" என்றாள். "வளர்ற பொண்ணு. பாவாடைக்கே நாலு டக் பிடிச்சுத் தெச்சு, வருஷத்துக்கு ஒண்ணாப் பிரிச்சு விடுவேன். கட்டைக்கு இப்பவே அளவு குடுத்தா எப்படி?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு, நேராக அவள் முகத்தை.

"எவ்வளவு கூட்டட்டும்?"

வாசலில் வேன் நின்றது. தபால் பெட்டியின் மூடி திறந்து மூடிய சத்தம். வேன் கிளம்பிப் போயிற்று.

"அவசரமில்லை" என்றாள் அவள், படிவத்தை நாலாக மடித்தபடி. "உங்காத்து உயரமாச்சே. இன்னும் எவ்வளவு வளர்றாள்னு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அவர் கேட்டலாக்குகளை ஒவ்வொன்றாக மூடி, தட்டு வைக்க இடம் பண்ணினார்.