லூயி ஓடினான்

"கதவைத் திற ஸ்டெல்லா! உன் பொண்ண வெளிய கூப்புடு! நானும் மரியும் ராவோட ராவா பாரீசுக்கு ஓடப் போறோம்னு ஊரு பூரா தம்பட்டம் அடிக்கிறா!"

உள்ளங்கையால் தகரக் கதவை இடித்துக்கொண்டிருந்தார் லூயி. வீட்டுக்காரர். புதுச்சேரி முத்தியால்பேட்டையின் அந்த நீள வீட்டில் முன்பக்கம் அவரும் மனைவி மரியும். மாடியில் தம்பி அலெக்சாண்டர். பின்கட்டில் வாடகைக்கு ஸ்டெல்லாமேரியும் மகள் மெரினும்.

மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்த கையோடு வந்து கதவைத் திறந்தாள் ஸ்டெல்லாமேரி.

"மெதுவா பேசுங்கண்ணே. என்னா நடந்துச்சு?"

"இன்னும் என்னா நடக்கணும்? நேத்து சாயங்காலத்துலேந்து சுவத்துக்கு அந்தாண்ட ஒரே கச்சேரி! லூயி சுத்த சோம்பேறியாம். பொண்டாட்டி கிழிச்ச கோட்டத் தாண்ட மாட்டானாம். மரி கேட்டுட்டு உக்காந்து அழுவுறா. இப்ப என்னடான்னா, நான் வேஷம் போட்டுக்கிட்டு குடும்பத்தோட ஓடறேனாம்!"

ஸ்டெல்லாமேரிக்குச் சுருக்கென்றது. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நாளைக்குப் பரீட்சை. இந்தப் பெண்ணோ துணி துவைக்கிற கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, கையை ஆட்டி ஆட்டித் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. பரீட்சை பயம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். வீட்டுக்காரர் குடும்பத்தை அல்லவா மென்று துப்பியிருக்கிறது!

"ஏய் மெரின்! வா இங்க!"

ஒன்பதாவது படிக்கும் மெரின், பாதி பின்னிய சடையோடு வந்து நின்றாள்.

"லூயி பொண்டாட்டி பேச்சுக்கு ஆடறவன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"மரியப் பத்தி என்னாடி சொன்ன?"

"ஊர்ல ஒருத்தருக்கும் அவளப் புடிக்கலன்னு சொன்னேன்."

"பெரியவங்கள அவ இவன்னா சொல்ற?" மசாலாக் கை ஓங்கியது. "ஓடறாங்கன்னும் சொன்னியா?"

"சொன்னேம்மா. எதுக்கு அடிக்க வர்ற? எல்லாம் உண்மைதான். எங்க சுடர்விழி மிஸ்ஸே சொன்னாங்க. கிளாசுல எல்லாருக்கும் தெரியும்."

"மோன் தியே! கடவுளே!" லூயி தலையில் கை வைத்தார். "பள்ளிக்கூடம் வரைக்கும் போயிடுச்சா! கேட்டியா ஸ்டெல்லா? நாளைக்கு இது என் தம்பி காதுல விழுந்தா அவன் என்னா நெனைப்பான்? ரெண்டு பேருக்கும் பொதுவான வீட்ட, அவனுக்குத் தெரியாம வித்துட்டு அண்ணன் கம்பி நீட்டுறான்னு நெனைக்க மாட்டானா? மானத்தோட வாழறவன்டி நான்! விடிஞ்சதும் பின்கட்டக் காலி பண்ணு!"

"அண்ணே! பரீட்சை முடியற வரைக்குமாவது..."

"ஒரு நாள் கூட முடியாது!"

மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். அலெக்சாண்டர் இறங்கி வந்து, தெருவுக்குப் போகிற சந்துக் கதவருகே நின்றான்.

"என்னண்ணே, முக்கு கடை வரைக்கும் கேக்குது?"

லூயியின் குரல் பொசுக்கென்று இறங்கியது. "ஒண்ணுமில்லடா. வாடகை விஷயம். நீ மேல போ."

"என்னா ஒண்ணுமில்ல?" இப்போது கத்தியது மெரின். கண்ணில் நீர் முட்டியது. "நான் படிச்சது ஒரு குத்தமா? அதுக்கு எங்கள வீட்ட விட்டுத் தொரத்துவீங்களா?"

உள்ளே ஓடினாள். திரும்பி வந்து, விரித்த புத்தகம் ஒன்றை லூயியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க! பதினாறாம் லூயி! பிரெஞ்சுப் புரட்சி! நாளைக்கு ஹிஸ்டரி பரீட்சை!"

படத்தில் அங்கியும் பொய்முடியுமாக ஒரு ராஜா நின்றுகொண்டிருந்தார்.

"போன தடவ இந்தப் பாடத்த வரி வரியா மனப்பாடம் பண்ணேன். பரீட்சையில ஒரு வரி மறந்துச்சு, மொத்தமும் போச்சு. மிஸ்ஸுதான் சொன்னாங்க: 'படிச்சுட்டுப் புத்தகத்த மூடிடு. பக்கத்து வீட்டு வம்பு மாதிரி உன் பேச்சுல வாய்விட்டுச் சொல்லு. எங்க தடுக்குதோ அங்க மட்டும் திரும்பப் படி. யாரு, எதுக்காகச் செஞ்சான்னு புரிஞ்சிடுச்சுன்னா வருஷம், தேதியெல்லாம் தானா மனசுல நிக்கும்'னு. அந்த மரி உங்க மரி இல்ல மாமா. ராணி!"

அலெக்சாண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஸ்டெல்லாமேரியும் மசாலாக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லூயி நெற்றி வியர்வையைத் துடைத்தார். இவ்வளவு நிம்மதியான முகத்தை ஸ்டெல்லாமேரி அவரிடம் பார்த்ததே இல்லை.

"அடச்சே, எப்பவோ செத்துப்போன லூயியா! படி தாயி, நல்லாப் படி. சத்தமாவே படி. காலி பண்ணச் சொன்னதெல்லாம் சும்மா, கோவத்துல வந்தது."

சொல்லிவிட்டுத் திரும்பினார்.

மெரின் மட்டும் சிரிக்கவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை. புத்தகத்தில் ஒரு வரியை விரலால் அழுத்திக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு மாமா. நான் பாடத்தத் தப்பா சொன்னேன்னு நீங்க சொல்லக்கூடாது. அந்த லூயி பாரீச விட்டுத்தான் ஓடினான். பாரீசுக்கு ஓடறதையும், தம்பிக்குத் தெரியாம வீட்ட வித்ததையும் நான் சொல்லவே இல்ல!"

அலெக்சாண்டரின் சிரிப்பு நின்றது. அவன் கை மெல்லப் பின்னால் போய், சந்துக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டது.