கல்வெட்டின் வெட்கம்

ஒரு ஊரில் அடிபம்பு ஒன்று இரண்டு மாதமாகத் தண்ணீர் தராமல் நின்றது. உள்ளே வாஷர் தேய்ந்து, குழாயும் இற்றுப் போயிருந்தது. பஞ்சாயத்தில் அந்த வருஷம் கையிருப்பு குறைவு. இருந்த கொஞ்சத்தையும் பம்புக்கென்று ஒதுக்கி, முதல் வேலையாகத் திறப்பு விழாக் கல்வெட்டைச் செய்யக் கொடுத்துவிட்டார்கள்.

கறுப்புக் கல் பளபளவென்று வந்து பம்பின் பக்கத்தில் நின்றது.

"அக்கா, என்மேல பதினோரு பேரோட பெயர் இருக்கு. தலைவர் பெயருக்கு மட்டும் தங்கக் கலர்."

"சந்தோஷம் தங்கச்சி. என் வாஷர் எப்ப வருது?"

"அதுக்குப் பணம் பத்தலையாம். அடுத்த வருஷம் பார்க்கலாம்னு என்னை நட்டவங்க பேசிக்கிட்டாங்க."



மறுநாள் காலை, நிறைமாதக் கர்ப்பிணியான வள்ளிமயில் குடத்தோடு வந்தாள். 'புதுப்பிக்கப்பட்ட அடிபம்பு' என்று கல்லை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"கடவுள் கண் திறந்துட்டார்" என்று குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பம்பை அடித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அடித்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை. இடுப்பைப் பிடித்தபடி ஏரிக்கரைக் கிணற்றுக்கு நடந்தாள்.

"அக்கா, அவ நாற்பது தடவை அடிச்சா. என்னைப் படிச்சிட்டுத்தான் அடிச்சா," என்றது கல் மெல்ல.

"ஆமா."

தூரத்தில் இன்னொருத்தி இரண்டு குடங்களோடு வந்துகொண்டிருந்தாள். கல்லைப் பார்த்ததும் அவள் நடை வேகமானது.

"தங்கச்சி, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோயேன்," என்றது பம்பு.

கல் தன் பலத்தையெல்லாம் கூட்டி அசைந்து பார்த்தது.

"முடியலக்கா. சிமெண்டு இறுகிடுச்சு."