பிரியாணி இலைக் கிரீடம்

"கண்ணு மங்குது கோகிலா, பாப்பா இன்னாமோ போட்டோ அனுப்பிக்கீறா. இன்னான்னு பாத்து சொல்லு" என்று சுந்தரம்மாள் வேலிக்கு மேலே செல்போனை நீட்டினாள்.

கோகிலவாணிக்கு இரண்டாவது தரம் சொல்ல வேண்டுமா? ஜவ்வாது மலையில் பஸ்ஸுக்குத்தான் நேரம் காலம். அடுத்த வீட்டுச் சேதிக்கு அவள் எந்நேரமும் தயார்.

படத்தில் சுந்தரம்மாளின் ஒரே மகள் தமிழரசி. உதவித்தொகை வாங்கிக்கொண்டு இத்தாலிக்குப் போனவள். அந்த ஊர்ப் பாஷை, அந்தப் பாஷையில் இருக்கிற பாட்டு, கதை, பழக்கவழக்கம், இதெல்லாம்தான் படிப்பு.

நர்ஸுக்குப் படித்தால் ஊசி போடுவாள். டீச்சருக்குப் படித்தால் பிள்ளைகளை மிரட்டுவாள். இத்தாலிக்காரன் பாட்டைப் படித்துவிட்டு இந்த மலையில் எந்த மாட்டுக்குப் பாடிக் காட்டுவாள் என்பது கோகிலவாணியின் நெடுநாள் கேள்வி.

இன்றைக்கு அதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

தமிழரசி தலையில் இலைக் கிரீடம், வெள்ளை நாடாவோடு. கையில் பூங்கொத்து. மேலே கலர் கலராகக் காகிதம் தூவுகிறார்கள். அந்த ஊர் அட்சதை போலிருக்கிறது. தோளில் கை போட்டபடி ஒரு சுருட்டை முடிக்காரன். அவன் தலையிலும் அதே கிரீடம். இளிப்பு வேறு.

இதையெல்லாம் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திருப்பத்தூரில் ஒரு சர்ச் கல்யாணத்துக்குப் போய் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து எழுந்தவள்.

"ஒன்னுமில்லக்கா. பொண்ணு நல்லா கீது" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்கு முன்னால் படத்தைத் தன் ஃபோனுக்கு அனுப்பிக்கொள்ள மறக்கவில்லை.

விஷயம் லேசுப்பட்டதா? வெள்ளிக்கிழமை பரிசம்.

தமிழரசியின் தாய்மாமன் கோபால்சாமி, 'படிப்புதான் முடிஞ்சுபோச்சே, பொண்ண வரச் சொல்லு' என்று, தானே மாப்பிள்ளையாக நாள் குறித்துவிட்டான். பெண்ணோ அங்கேயே மேல்படிப்புக்கு இடம் வாங்கி வைத்துக்கொண்டு, வரமாட்டேன் என்கிறாள். நடுவில் சுந்தரம்மாள். புருஷன் போன நாளிலிருந்து கொல்லையை உழுது கொடுக்கிற தம்பியிடம் இல்லை என்று சொல்ல அக்காவுக்கு வாய் ஏது? அவன் பேசப் பேசத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள், பாவம்.

ஏமாறப்போகிற மனுஷனை நினைத்துக் கோகிலவாணிக்கு மனசு பொறுக்கவில்லை.

பொறுக்காத மனசோடு மளிகைக் கடைக்குப் போனாள். ரேஷன் கடைக்குப் போனாள். காவலூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். காவலூரில் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. கடைசியாகத்தான் கோபால்சாமிக்குப் படத்தை அனுப்பினாள். எதற்கும் ஒரு வரிசை இருக்கிறதல்லவா.

சாயங்காலம் கோகிலவாணி, எழவு வீட்டுக்குப் போகிற முகத்தை வைத்துக்கொண்டு சுந்தரம்மாள் வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

சுந்தரம்மாள் முறத்தில் சாமை வைத்திருந்தாள். அழுத முகமாகத் தெரியவில்லை.

தம்பி மத்தியானமே ஃபோன் பண்ணிவிட்டானாம். பரிசம் வேண்டாமாம். பக்கத்து ஊரில் ஒரு பெண் இருக்கிறதாம், இந்த வாரமே பேசி முடிக்கப் போகிறானாம். அக்கா மேல் கோபமில்லை, பரிதாபம்தானாம். கொல்லையை எப்போதும்போல உழுது கொடுப்பானாம்.

கோகிலவாணி உச்சுக் கொட்டினாள். திருப்தியான உச்சு.

சுந்தரம்மாள் மறுபடியும் செல்போனை நீட்டினாள். மற்றப் படங்கள்.

தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. பெரிய படிக்கட்டு நிறையப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக. அத்தனை தலையிலும் இலைக் கிரீடம். அத்தனை கையிலும் பூங்கொத்து. சுருட்டை முடிக்காரன் இப்போது வேறொருத்தி தோளில் கை போட்டு இளித்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்த படத்தில் ஒரு கிழட்டு வாத்தியார் தோளில்.

"பட்டம் வாங்கற அன்னிக்கு அங்க இததான் தலையில வெப்பாங்களாம். நாம பிரியாணிக்குப் போடறோமே, அந்த எலைக்கு அக்கா தங்கச்சி மொறையாம்" என்றாள் சுந்தரம்மாள். "அந்த ஊரு மலைச்சனங்க பாட்டப் பத்தி எழுதி, வாத்தியாருங்க முன்னால நின்னு, அவங்க பாஷையிலயே பதில் சொல்லிக்கீறா. மேல்படிப்புலயும் இன்னிக்கே சேந்துட்டாளாம். நீ சொல்லு கோகிலா, இத்தினி பேருக்குமா ஒரே நாள்ல கண்ணாலம் ஆவும்?"

கோகிலவாணியின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இந்த மலையில் இதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததில்லை.

திரும்பவும் மளிகைக் கடை, ரேஷன் கடை, பஸ் என்று ஒரு சுற்று சுற்றி இதைச் சொல்லலாம்தான். சொன்னால் ஊர் சிரிக்கும். தமிழரசியைப் பார்த்து இல்லை.

நிஜம் என்று நிச்சயமாகத் தெரிந்த சேதி ஒன்று வாழ்நாளில் முதல்முறையாகக் கைக்கு வந்திருக்கிறது. அதை முழுங்கத்தான் வேண்டும்.

"இதக் காலையிலயே காட்டக் கூடாதாக்கா?"

"எனக்குத்தான் கண்ணு தெரியலன்னு சொன்னேனேடி."

சுந்தரம்மாள் முறத்தின் மேல் குனிந்துகொண்டாள்.

வெளிச்சம் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. வாசல் விளக்கை யாரும் போடவில்லை. சாமையோடு சாமையாக, அதே நிறத்தில் கிடந்த பொடிக் கற்களை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வேலிப் பக்கம் எறிந்துகொண்டிருந்தாள்.

ஒரு கல் தப்பவில்லை.