ஒட்டிய துண்டுத்தாள்

முந்நூற்றுப் பத்து வழக்குகளில் சாட்சிக் கூண்டேறியும் துப்பாக்கி நிபுணர் தணிகாசலத்தின் வாயிலிருந்து "இருக்கலாம்" என்ற சொல் ஒருமுறைகூட வந்ததில்லை. இன்றும், கொலையானவரின் உடலில் இருந்த தோட்டா இசக்கியப்பன் வீட்டில் பிடிபட்ட துப்பாக்கியில் சுட்டதுதான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். இசக்கியப்பனின் வக்கீல் மெஹருன்னிசா எழுந்து ஒரு போட்டோவை நீட்டினார். இரண்டு தோட்டாக்களை அருகருகே வைத்து மைக்ராஸ்கோப்பில் எடுத்த படம். படத்தின் கீழே எழுதியிருந்ததை மறைத்து ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது.

"இது ரெண்டும் ஒரே துப்பாக்கியில சுட்டதா சார்?"

தணிகாசலம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "குழல் கீறின கோடுங்க எங்கயும் சேரலை. வேற வேற துப்பாக்கி."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அந்தத் தாளை நீங்களே உரிச்சிடுங்க."

உரித்தார். அதனடியில் இந்த வழக்கின் எண், 'இரண்டும் ஒரே துப்பாக்கி' என்ற வரி, அதன் கீழே அவருடைய பச்சை மைக் கையெழுத்து. எதிர்க் கூண்டில் நின்ற இசக்கியப்பன் ஒன்றும் விளங்காமல் எல்லோர் முகத்தையும் பார்த்தான்.

"எந்தப் பதிலைப் பதிவு பண்ணச் சொல்றீங்க?" என்றார் நீதிபதி.

டைப் அடிக்கும் சத்தம் நின்றிருந்தது. தணிகாசலம் போட்டோவை மறுபடி பார்த்தார். இப்போது கோடுகள் நன்றாகவே சேர்ந்திருந்தன.