பன்னிரண்டாவது புத்தகம்

வருஷத்துக்குப் பன்னிரண்டு புத்தகம் படிப்பதென்று லேத் பட்டறையில் நானும் தம்பியும் பந்தயம் கட்டினோம். ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படிப்போம். எப்போதும் அவன்தான் முன்னால். ஒன்பதாவது புத்தகத்தோடு செத்துப்போனான்.

பன்னிரண்டாவதைக் கடையில் புதிதாய் வாங்கிவந்தேன். பிரித்தால் நாற்பதாம் பக்கம்வரை ஓரமெல்லாம் கிரீஸ் கறை.

“கையைக் கழுவிட்டுத் தொட்டா என்னவாம்?” என்றாள் மனைவி.

என் கை சுத்தமாகத்தான் இருந்தது. கறையில் தம்பியின் கட்டைவிரல் தழும்பு தெரிந்தது.

தினமும் நாற்பது பக்கம் படித்தேன். கறையும் தினமும் நாற்பது பக்கம் முன்னே போனது.

வருஷக் கடைசி நாளில் ஒரு பக்கம்தான் பாக்கி.

“படிச்சு முடிங்களேன், ஜெயிச்சிரலாம்.”

“தோத்தா தோத்துட்டுப் போறேன்டி” என்று மூடிவைத்தேன். முடித்துவிட்டால் அவனுக்கு இங்கே வர வேலையில்லை.

காலையில் பார்த்தேன். முதல் பக்கத்தில் பழைய கறைக்குப் பக்கத்தில் இன்னொன்று, ஈரமாக.