அதையும் விட்டுவிடுங்கள்

"நீ யார்?" என்று என் மனைவி என்னைக் கேட்டாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னை 'நீ' என்றது இதுதான் முதல் தடவை. வகுப்பின் விதி அப்படி. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் கேட்பார், மற்றவர் சொல்வார். என்ன பதில் வந்தாலும் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் அதையே கேட்க வேண்டும்.

"லிஃப்ட் மெக்கானிக்."

தலையாட்டினாள். "நீ யார்?"

"உன் வீட்டுக்காரன். சந்தேகமா?"

பக்கத்து நாற்காலிப் பெரியவர் கண்ணை மூடியபடியே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கொஞ்சம் முன்னால் இதே கேள்வியை நான் அவளிடம் கேட்டிருந்தேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவள் என்றாள். அக்காவுக்குத் தங்கை என்றாள். பிறகு, உடம்பு இல்லை, மனசு இல்லை என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டே போனாள். நான் ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா என்று அவள் சொல்லவே இல்லை.

போன மழைக்காலத்தில் எங்கள் மகளை ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. ஐந்து வயது. சிட்டு என்று கூப்பிடுவோம்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவள் பெயர் வாய்தவறி வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பிறகு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஒருவருக்கு அழுகை வந்தால் இன்னொருவர் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவார்.

அப்போதுதான் அவள் இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். 'நான்' என்று தனியாக ஒன்று கிடையாது, உள்ளே தேடிப் போனால் அது கரைந்துவிடும் என்று சொல்லித் தருகிறார்களாம்.

சில வாரங்களிலேயே தேறிவிட்டாள். ஞாயிறு மதியம் திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும். உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவாள். ஒருநாள் துணி மடிக்கும்போது வாய்க்குள் எதையோ பாடினாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறு எரிந்தது. இவள் மட்டும் எப்படி இறக்கி வைத்தாள்? எங்கே வைத்தாள்?

"நானும் வரேன். எனக்கும் சொல்லிக் குடுக்கட்டும்," என்றேன் இன்று காலையில்.

சீப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். "உங்களுக்கு அதெல்லாம் சரிப்பட்டு வராதுங்க."

நான் விடவில்லை. பஸ்ஸில் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். இறங்கும் இடம் வந்துவிட்டது.

"நீ யார்?"

"சிட்டுவோட அப்பா."

அந்தப் பெயரை நானே என் காதால் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. மனைவியின் இமை துடித்தது. ஆனாலும் விதிப்படி தலையாட்டினாள். "நீ யார்?"

"சிட்டுவோட அப்பா."

"நீ... நீ யார்?"

"சிட்டுவோட அப்பா."

வகுப்பு நடத்தும் டீச்சர் என் தோளருகே வந்து நின்றார். மெத்தென்ற குரல். "அதுவும் ஒரு பேர்தாங்க. நடுவுல வந்து ஒட்டிக்கிட்டது. அதையும் விட்டுடுங்க. மிச்சம் யார் இருக்காங்கன்னு பாருங்க."

கண்ணை மூடினேன். நிஜமாகவே முயன்றேன். மெக்கானிக்கைக் கழற்றி வைத்தேன். புருஷனைக் கழற்றி வைத்தேன். கை பழகிய வேலை மாதிரி சுலபமாகத்தான் இருந்தது. அப்பா மட்டும் கழலவில்லை.

"நான் அப்பா இல்லேன்னா, அப்புறம் அவ யாரோட பொண்ணு மேடம்?"

டீச்சர் சிரித்துவிட்டார். "எல்லா அப்பாவும் இங்கதான் மாட்டிக்கறாங்க," என்று சொல்லி அடுத்த ஜோடியிடம் நகர்ந்தார்.

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவன் முன்னால் சிரிக்க முடிகிறதென்றால், இந்த அம்மாள் தேடிக் கண்டுபிடித்த ஞானம்தான் என்ன? எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது மணி அடித்தது.

நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாய்த்தார்கள். மூலையில் டீ ஊற்ற ஆரம்பித்தார்கள். மனைவி என் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். "போலாங்க. டீயெல்லாம் வேணாம்."

அதற்குள் டீச்சர் எங்களைப் பிடித்துவிட்டார். பின்னாலேயே அந்தப் பெரியவரும்.

"ஒருவழியா சிட்டுவோட அப்பாவைப் பாத்துட்டோம்," என்றார் டீச்சர். "வாராவாரம் உங்க பொண்ணு கதையைக் கேக்கலேன்னா எங்களுக்குத் தூக்கம் வராது. முன்பல்லு விழுந்துடுச்சாமே?"

"அந்தச் சைக்கிள் ஓட்ட வந்துடுச்சா?" என்று கேட்டார் பெரியவர்.

சிட்டுவுக்கு ஒரு பல்கூட விழுந்ததில்லை.

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு, அடி விழப்போகிற குழந்தை மாதிரி தோளைக் குறுக்கி, தரையைப் பார்த்தபடி நின்றாள்.

டீச்சர் பக்கம் திரும்பினேன்.

"ஆமா மேடம்," என்றேன். "பக்கத்துப் பல்லும் ஆடுது. தொடவே விட மாட்டேங்கறா."