பாடம் இல்லாத வேலை நாள்

“டீச்சர் நம்ம வீட்டுக்கு வந்து ஆச்சிக்குக் கையெழுத்துப் போடக் கத்துக் கொடுக்கட்டும்” என்றார் தேனப்பச் செட்டியார். அவர் பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர்.

“ஆச்சி கையெழுத்துப் போட ஆரம்பிச்சா உங்களுக்குத்தான்லா ஆபத்து” என்றார் செயலாளர், குமாஸ்தா வேலை பார்க்கும் ஜெயராஜ் கிராணி. “விளையாட்டு விழாவுக்குக் கொடி தைக்கட்டும்.”

பினாங்கு ஸ்ட்ரீட் கடைவீட்டு மாடிப் பள்ளிக்கூடத்தில் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெஞ்சுகள் காலி.

மாதத்தில் ஒரு நாள் பிள்ளைகளுக்குப் பாடம் கூடாது, டீச்சருக்கு மட்டும் வேலை உண்டு என்று இன்ஸ்பெக்டர் துரையின் புது உத்தரவு. என்ன வேலை என்று துரை சொல்லவில்லை. அதுதான் சண்டை.

தனலெட்சுமி டீச்சருக்கோ மனசெல்லாம் மலைக்கு அந்தப் பக்கத்துப் பாலிக் புலாவில். அங்கேதான் சலேஹா இருந்தாள், கூடப் பிறக்காத குறை. நாளைக்குப் புருஷனோடு மேடானுக்குக் கப்பல் ஏறுகிறாள். இனி எப்போது பார்ப்பதோ.

தோழியைப் பார்க்க லீவா என்று இந்த இருவரும் போன மாதமே சிரித்தவர்கள்.

“நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வாங்க. எதுவானாலும் செய்றேன்” என்று சொல்லிவிட்டு டீச்சர் குடையோடு கீழே இறங்கினார்.

இருவரும் சேர்ந்தாம்! பள்ளிக்கு ஒரு மணி வாங்கவே அவர்களுக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது, கண்ணுகளா.

மலையைச் சுற்றிப் போன பஸ் டீச்சரை இறக்கிவிட்டது. சலேஹா வீட்டுப் பின்கட்டில் தோழிகள் இருவரும் வாடை தூக்கும் டுரியான் பழம் தின்றார்கள், அழுதார்கள், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தின்றார்கள்.

சாயங்காலம் டீச்சர் மாடியேறியபோது கிராணிக்குத் தொண்டை கட்டியிருந்தது. செட்டியார் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். ஆச்சியா கொடியா என்பது இன்னும் தீரவில்லை. டீச்சர் போனதையே அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

“என்ன வாடை?” என்று மட்டும் கேட்டார் செட்டியார்.

டீச்சர் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

“பேசாம, உத்தரவு போட்ட இன்ஸ்பெக்டர் துரையையே கேட்டுடுவோம் செட்டியாரே” என்றார் கிராணி.

“எங்க போய்க் கேக்கிறது? அவரு சீமைக்குப் போய் மூணு மாசமாச்சே. மாலை போட்டு அனுப்பினதே நான்தானே!”

சொல்லிவிட்டுச் செட்டியார் விசிறுவதை நிறுத்தினார்.

உத்தரவை முந்தாநாள் வந்து அவர்களிடம் சொன்னது டீச்சர்தான்.

இருவரும் மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நாளைக்குப் பாடம் இருக்கு, வர்றேன்” என்றார் டீச்சர்.